பீரோவுக்குள் கத்திரி விதை

இனி யாரையும் நம்புவதில்லை என்று உலகநாதன் முடிவு செய்தார். கட்டிய மனைவி உட்பட.

காரணம், சிங்கப்பெருமாள் கோயிலில் அவர் வீட்டு மொட்டை மாடியில் காய்த்த கத்திரிக்காய். பால் வெள்ளையில் ஊதாக் கோடு. கம்பெனியில் கூட வேலை பார்க்கும் ஹேமந்த் அதன் படத்தைப் பார்த்துவிட்டு உசுப்பேற்றிவிட்டான். "புது ரகம் சார்! பேட்டன்ட் மாதிரி பதிவு பண்ணிடுங்க. ஆனா அதுக்குள்ள ஊர்ல பரவிச்சுன்னா புதுசுன்னு ஒத்துக்க மாட்டாங்க."

விதை டப்பா பீரோவுக்குள் போனது. சாவி அரைஞாணில் ஏறியது.

மனைவி ரேணுகாவுக்குப் பொறுக்கவில்லை. மாடித்தோட்டம் போட்ட பெண்கள் ஞாயிறுதோறும் விதை மாற்றிக்கொள்வார்கள். வாங்கியவள் கொடுக்காமல் இருந்தால் மானம் போய்விடும்.

"இன்னாங்க, மார்கரெட் அக்கா வெதை கேட்டுகினே கீறாங்க."

"மூச்!"

"அவங்க குடுத்த வெதையில மாறி மொளைச்சதுதானே இது?"

"மொளைச்சது யாரு மண்ணுல?"

"அதுவும் அவங்க வூட்டு மண்ணுதான். நீங்கதான் மூட்டை தூக்கியாந்தீங்க."

அன்றிலிருந்து மாடி ஏறி இறங்கும் பெண்களின் பையெல்லாம் சோதனைக்கு உள்ளானது. அவர்களில் அன்பரசியின் கறிவேப்பிலைக் கட்டைக்கூட உதறிப் பார்த்தார். ஒன்றும் சிக்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

ரேணுகா அவருக்கு வைத்தது ஒரே வேலை. வாரம் ஒரு பை கத்திரிக்காய். "மஞ்சளாப் பழுத்துப் போச்சு, சமைக்க ஆவாது. மார்கரெட் அக்கா வூட்டு ஆட்டுக்காவது குடுத்துட்டு வாங்க."

இவர் ஸ்கூட்டரை விட்டு இறங்கக்கூட மாட்டார். இறங்கினால் விதை கேட்பாளே! வாசல் கேட்டிலேயே பையை நீட்டிவிட்டுப் பறந்துவிடுவார்.

ஆடியில் ஆரம்பித்த காவல். தையில் விண்ணப்பம் தயார். அந்த ஞாயிறு பையை நீட்டியவர் தற்செயலாக அண்ணாந்து பார்த்தார். மார்கரெட் வீட்டு மாடி முழுக்க வெள்ளைக் காய், ஊதாக் கோடு. பக்கத்து மாடியிலும்!

"யாரு குடுத்தா வெதை? ரேணுகாதானே?"

"பாவம், அவ மேல பழி போடாதீங்க அண்ணாத்த. அவ கையால ஒண்ணுகூடக் குடுக்கல. நல்லாப் பழுத்த காயிலதானே வெதை எடுக்கணும்? அதான் வாராவாரம் நீங்க கொண்டாந்து குடுக்கறீங்களே!"

"அது ஆட்டுக்குக் குடுத்தது!"

"எந்த ஆடு?"

மார்கரெட் பையை வாங்கிக் கனம் பார்த்தாள்.

"அடுத்த வாரம் ரெண்டு பையா கொண்டாங்க அண்ணாத்த. கடப்பாக்கத்துல எங்க தங்கச்சி கேட்டுகினு கீறா."