காலியாகாத முகாம்

"இன்னைக்கு வியாழன். ஞாயித்துக்கெழம நிக்காஹ். மண்டபத்துல இருபது குடும்பம் பாய் விரிச்சுப் படுத்திருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தா எங்க உக்காருவாங்க, கொடியில காயிற கைலிக்குக் கீழயா?" என்று மனைவி ரஹீமா பீவி கேட்டபோது, கிராம நிர்வாக அலுவலர் முகமது ரபீக் வாயிலிருந்த இட்லியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருந்தார்.

தப்பு பூமியின் மேல்தான். ஆவுடையார்கோவில் பக்கம் அது அசைந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. போன வாரம் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் என்ன நினைத்ததோ, ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டது. நெட்டிவயலில் யாருக்கும் காயமில்லை. ஆனால் ஓடுகள் சரிந்தன, தொகுப்பு வீடுகளின் சுவர்கள் கீறல் விட்டன, பள்ளிக்கூடத்திலும் விரிசல்.

"உடனே ஒரு எடத்தப் பிடிச்சு முகாம் போடுங்க" என்று தாசில்தார் போனில் சொன்னார். ஊரில் பெரிய கட்டடம் என்றால் பாசித் மண்டபம்தான். ஆடி மாசம், வேறு கல்யாணம் கிடையாது. ரபீக்கின் மகள் சாமியாவின் நிக்காஹ் மட்டும் அங்கே இருக்கிறது. அதற்குள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று ரபீக் நம்பினார். நல்ல மனுஷர்களுக்கு இந்த வியாதி உண்டு.

சும்மாவும் இருக்கவில்லை. கொத்தனாரைப் பிடித்தார், ஓட்டுக்கு அலைந்தார், கூடவே நின்று சுவர் பூசவைத்தார். வீடுகள் எல்லாம் தயார். ஆட்கள்தான் நகரவில்லை.

"உள்ளதச் சொல்லிருங்களேன்" என்றாள் ரஹீமா.

"வாயத் தொறக்காத! 'சொந்த மக கல்யாணத்துக்காக வி.ஏ.ஓ. சனங்களத் தொரத்துறாரு'ன்னு எவனாச்சும் செல்போன்ல பேசிப் போட்டான்னா சம்பந்தி வரைக்கும் போயிரும்."

"அப்ப தேதிய மாத்துங்க."

"மாப்பிள்ளைக்குச் செவ்வாக்கெழம துபாய் பிளைட்டு. அடுத்த லீவு ரெண்டு வருசம் கழிச்சு. மாத்தவா?"

உள்ளே மருதாணி அரைத்துக்கொண்டிருந்த சாமியா, குழவியை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். ரபீக் பாதி இட்லியோடு கை கழுவினார்.

முதல் வேலையாக இஞ்சினியர் உதயசூரியனை அழைத்துவந்தார். மண்டபத்து ஜனங்கள் மொத்தமும் பின்னால் வர, காத்தாயி வீட்டு வாசலில் இஞ்சினியர் நின்றார். முகாமில் எல்லாருக்கும் வாய் காத்தாயிதான்; அவள் சரி என்றால் ஊரே சரி என்னும்.

"நல்லாப் பாத்துக்கங்கம்மா. இந்தச் செவுரு யானை முட்டுனாலும் அசையாது" என்று இஞ்சினியர் ஓங்கி ஒரு குத்து விட்டார்.

சுவர் அசையவில்லை. மேலே ஈரம் காயாத பூச்சு மட்டும் ஒரு தட்டு அளவுக்குப் பெயர்ந்து அவர் தோளில் உட்கார்ந்தது.

"இவரு குத்துக்கே இந்தக் கதின்னா, பூமி குத்துனா என்னாகும்?" என்றாள் காத்தாயி. "நல்லா ஈரம் காயட்டும் சார். திங்கக்கெழம பாப்போம்."

அன்று சாயங்காலம், வீட்டில் ஒரு கீறலும் விழாத மூன்று குடும்பங்கள் புதிதாகப் பாயோடு வந்து சேர்ந்தன.

ரபீக்குக்கு அடுத்த யோசனை வந்தது. சாப்பாடு ருசியாக இருப்பதால்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்? முகாம் சமையல்காரரைத் தனியே அழைத்து, "நாளையிலேர்ந்து மூணு வேளையும் ரவை உப்புமா. தாளிக்கக்கூட வேண்டாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை உப்புமாவை யாரும் குறை சொல்லவில்லை. அமுதவல்லி என்கிற பெண் மட்டும் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனாள். பின்னாலேயே நாலு பேர் போனார்கள். மத்தியானம் மண்டபத்திலிருந்து கிளம்பிய கருவாட்டுக் குழம்பு வாசம் பஸ் ஸ்டாப் வரை போய் ஆளைக் கூட்டிவந்தது. மண்டபத்து ஓனர் பாசித்தே தூக்குச்சட்டியோடு வரிசையில் நின்றார்.

"நீங்களுமா பாய்?" என்றார் ரபீக்.

"என் வீடும் லேசா ஆடுச்சுல்ல" என்றார் பாசித்.

இனி நேரடியாகக் கேட்டுவிடுவது என்று ரபீக் காத்தாயியிடம் போனார். "செவுரு காஞ்சிருச்சு. கெளம்பலாம்லம்மா?"

"என்ன சார் இப்புடிச் சொல்றீங்க? ஆடியில யாராச்சும் குடி போவாங்களா?"

"அது புது வீட்டுக்கு. இது ஒங்க வீடு!"

"பூமியே பொரண்டு படுத்துருச்சு. எல்லாம் புது வீடுதான் இனிமே."

சரி, சாமி விஷயத்தைச் சாமியாடியிடமே விட்டுவிடலாம் என்று பூசாரி ஆண்டிச்சாமியை பைக்கில் ஏற்றிவந்தார். வழியெல்லாம் கெஞ்சினார். ஆண்டிச்சாமியும் கடைசிவரை நல்லபடியாகத்தான் பேசினார்.

"சொந்த வீட்டுக்குத் திரும்பிப் போறதுக்கு ஆடி, ஆவணியெல்லாம் கெடையாது" என்று அவர் சொன்னதும் ரபீக்குக்கு உயிர் வந்தது.

காத்தாயி பூசாரியை ஒரு பார்வை பார்த்தாள். அமுதவல்லி அவர் முன்னால் ஒரு தட்டுச் சோறும் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள்.

"ஆனா, நல்ல நேரத்துல பால் காச்சித்தான் நொழையணும்" என்றார் பூசாரி, குழம்பைப் பிசைந்துகொண்டே. "அந்த நேரம் திங்கக்கெழம காலையிலதான் வருது."

அவரும் அன்றைக்கு வீட்டுக்குப் போகவில்லை.

சனிக்கிழமை. ரபீக்கிடம் மிச்சமிருந்தது ஒரே ஆயுதம், தாசில்தார் அம்மா. அவரே நேரில் வந்து "முகாம் முடிந்தது" என்று சொல்லிவிட்டால் யாரும் மறுபேச்சுப் பேச முடியாது. போன் போட்டு, வீடெல்லாம் தயார், வந்து முடித்துவையுங்கள் என்று மன்றாடினார்.

தாசில்தார் வந்தார். பெருக்கி மெழுகியதுபோல் கிடந்த தரையைப் பார்த்தார். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து படிப்பதைப் பார்த்தார். அமுதவல்லி கொடுத்த காப்பியைக் குடித்தார்.

"எவ்வளவோ முகாம் பாத்திருக்கேன். வந்தவுங்க மொகத்துல சிரிப்பப் பாத்தது இங்கதான். சூப்பர், ரபீக்! இத இன்னும் ஒரு வாரம் நடத்துங்க. புதுக்கோட்டையிலேர்ந்து பெரிய ஆபீசருங்களக் கூட்டிட்டு வாரேன்."

ஜனங்கள் கைதட்டினார்கள். ரபீக்கும் தட்டினார், வேறு என்ன செய்வது?

ஜீப் போனதும் அவர் மேடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். நாளைக்கு மாப்பிள்ளை உட்காரவேண்டிய மேடை. இப்போது அதில் யாருடைய ஆட்டுக்குட்டியோ படுத்திருந்தது. ஒற்றை மகள். அவளுக்கு ஒரு நாள், ஒரு மண்டபம், அதைக்கூட ஒழுங்காக ஏற்பாடு செய்யத் தெரியாத அப்பா. மானம் போனாலும் போகட்டும் என்று எழுந்தார்.

"எல்லாரும் மன்னிக்கணும்" என்றார். "ஒங்கள்ட்ட ஒரு விசயத்த மறைச்சுட்டேன். நாளைக்கி எம்பொண்ணு சாமியாவுக்கு நிக்காஹ். இந்த மண்டபத்துலதான். அதுக்குத்தான் ஒங்கள இந்தப் பாடு படுத்துனேன். என்ன வேணும்னாலும் திட்டுங்க. நாளைக்கி ஒரு பொழுது மட்டும் எனக்கு எடம் விடுங்க."

காத்தாயி பக்கத்திலிருந்தவளைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அடுத்தவளைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு சமையல்கட்டு வரை போனது.

"தெரியும் சார்" என்றாள் காத்தாயி. "பாசித் பாய் மொத நாளே சொல்லிட்டாரு. எங்க புள்ளைகளுக்கு டியூசன் எடுத்த பொண்ணு அது. அதுக்குக் கல்யாணம்னா எங்களுக்குத் தெரியாதா?"

ரபீக் திகைத்தார். "தெரிஞ்சுமா போகாம உக்காந்திருந்தீங்க?"

சமையல்கட்டு வாசலில், நாளைய விருந்துக்கு ஒரு மூட்டை வெங்காயத்தை உரித்து முடித்திருந்த அமுதவல்லி நிமிர்ந்தாள்.

"பின்ன என்ன சார், வெளிய போயிட்டா நீங்க பத்திரிகை வச்சுக் கூப்புட்டாத்தானே கல்யாணத்துக்கு உள்ள வர முடியும்? நீங்கதான் மூச்சே விடலையே, அதான் வெளியவே போகல!"