குல்லா சாரும் இரண்டு தூளிகளும்

மதுரையில் குளிர்காலம் என்று ஒன்று உண்டு என்பதை முழு மனசாக நம்பிய ஒரே ஜீவன் எங்கள் தெரு குல்லா சார்தான். நாமெல்லாம் மார்கழி பிறந்தால் ஃபேனை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைத்துவிட்டு, "என்னா குளிரு!" என்று ஊருக்காக ஒரு தரம் சொல்லிவிட்டு, பத்து மணி வெயிலில் வேர்த்து வடிகிற கூட்டம். சார் அப்படியில்லை. கார்த்திகையில் தலையில் ஏறுகிற குரங்குக் குல்லா மாசி பிறந்துதான் இறங்கும். கழுத்தில் மஃப்ளர், உடம்பில் ஊதா ஸ்வெட்டர். பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியார் வேறு. "பாடத்துல குளிர்காலம்னு போட்டிருக்கும்மா. நடத்துற நானே நம்பலைன்னா எப்புடி?" என்பார். பெயர் என்னவோ ஒன்று இருந்தது. தபால்காரருக்கே அது மறந்து போய்விட்டது.

திருப்பரங்குன்றத்தில் எங்களுக்கு எதிர்வீடு அவர்களுடையது. சாரின் மனைவி லலிதாக்கா வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவர். பிள்ளைகள் இல்லை. வாசலில் நின்று அக்கா சாரைக் கேலி செய்வதும், சார் அதை விருது வாங்குகிற மாதிரி வாங்கிக்கொள்வதும்தான் எங்கள் தெருவுக்குப் பொழுதுபோக்கு.

போன வருடம் சாருடைய போனில் ஒரு வீடியோ வந்து தொலைத்தது. பனி கொட்டுகிற ஏதோ ஒரு நாட்டில், ஒரு தாடிக்காரன் இரண்டு மரத்துக்கு நடுவே துணியைத் தொங்கவிட்டு அதில் படுத்துக் காப்பி குடிக்கிறான். அவ்வளவுதான். மறுநாள் காலையில் சார் என் வாசலில் நிற்கிறார்.

"தங்கச்சி, நாமளும் போறோம். ஒரு ராத்திரி. குளிர்காலம் முடியிறதுக்குள்ள."

"எங்க சார்?"

"பேரையூர்ப் பக்கம். எங்கூட வேலை பாக்குறவரோட மாந்தோப்பு. குளிர் பிச்சு எடுக்கும்."

"யாரு சொன்னா?"

"நாந்தான் சொல்றேன்."

உடனே வாட்ஸப்பில் ஒரு குழு. சார், நான், என் வீட்டுக்காரர், லலிதாக்கா. அக்கா சேர்ந்த வேகத்தில் வெளியேறினார். சார் மறுபடி சேர்த்தார். அக்கா மறுபடி வெளியேறினார். "நெட்டு சரியில்ல போல" என்று எங்களுக்கு விளக்கம் வேறு.

துணிக்கு, தறிகள் ஓடுகிற செல்லூர். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாக, கெட்டி நெசவில், இரண்டு வேண்டும் என்றார்.

"எதுக்கு சார்?" என்றார் தறிக்காரர்.

"ரெண்டு பக்கமும் கட்டித் தொங்கவிட்டுத் தூங்குறதுக்கு."

தறிக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, தூளியா! ரொம்ப சந்தோசம் சார். ரெட்டைப் புள்ளையா? எத்தன மாசம் ஆகுது?"

"புள்ளைக்கு இல்லண்ணே, எனக்கு. எழுபத்தெட்டுக் கிலோ. இன்னொண்ணு வீட்டம்மாவுக்கு."

தறிக்காரர் என்னைப் பார்த்தார். நான் தறியைப் பார்த்தேன். "வீட்ல சொல்லிட்டீகளா சார்?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

துணி வந்ததும் ஒத்திகை. எங்கள் வாசல் வேம்புக்கும் கேட் தூணுக்கும் நடுவே தூளி கட்டியாயிற்று. பகல் பதினோரு மணி, மண்டையைப் பிளக்கிற வெயில். சார் குல்லா, ஸ்வெட்டர், மஃப்ளர் சகிதம் ஏறிப் படுத்தார். முதுகுக்குக் கீழே ஒரு இலவம்பஞ்சு மெத்தை வேறு. குளிர் கீழேயிருந்துதான் வருமாம். புளியோதரைப் பொட்டலத்தை வேப்பமரத்து உச்சாணிக் கிளையில் கட்டச் சொன்னார்.

"அது எதுக்கு சார் அங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கரடிக்கு எட்டக் கூடாது மாப்ள. வீடியோவுல அப்புடித்தான் செய்யிறாக."

பேரையூரில் கரடிக்கு எங்கே போக? ஆனால் திருப்பரங்குன்றத்தில் குரங்குக்குப் பஞ்சமா? மலையிலிருந்து ஒரு குடும்பமே இறங்கி வந்து, பந்தியில் உட்காருகிற மாதிரி கிளையில் வரிசையாக உட்கார்ந்து, எங்கள் கண்ணெதிரிலேயே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டது. சார் கத்திக்கொண்டே எழப் பார்த்தார். தூளியிலிருந்து எழுந்திருப்பது ஒன்றும் லேசுப்பட்ட காரியமில்லை. காலை இந்தப் பக்கம் போட்டால் தலை அந்தப் பக்கம் போகிறது. "மாப்ள, புடிங்க!" என்றார். "எதை சார் புடிக்க?" என்று இவர் கேட்பதற்குள் முடிச்சு உருவிக்கொண்டது. மெத்தை இருந்ததால் இடுப்பு தப்பியது.

முனைகளை மடித்துத் தைத்தால்தான் முடிச்சு நிற்கும் என்று முடிவாயிற்று. தெருவிலேயே நல்ல தையல்காரி வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது என்ன கவலை? சார் துணியை எடுத்துக்கொண்டு போய் அக்காவின் மெஷின் மேலே வைத்தார். அக்கா அதைத் தொடக்கூட இல்லை.

"பிளவுஸ் தைப்பேன், பாவாடை தைப்பேன். இதை மட்டும் எங்கிட்ட கொண்டு வராதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சார் என்னிடம் வந்து, "ஏன் தங்கச்சி, குளிருக்குப் பயப்படுறாளோ?" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளை வரம் கேட்டு, ஒரு சின்னக் கல்லை வைத்துக் கோயில் மரத்தில் தூளி கட்டுவது நம் பக்கத்து வழக்கம். அக்கா கட்டாத மரம் இல்லை. கூடவே போய்த் தேங்காய் உடைத்தவர் இதே சார்தான். ஒரு நாள், "இனி போதும்" என்று அக்கா நிறுத்திக்கொண்டார். அதற்கப்புறம் தூளி தொங்குகிற வீட்டு வாசலைக்கூட மிதிப்பதில்லை.

"புள்ள பெத்த வீடு மாதிரி ரெண்டு தூளியத் தூக்கிட்டு வந்து முன்னால போட்டா, அக்கா மனசு என்ன பாடு படும் சார்?" என்று கேட்டே விட்டேன்.

"நான் அதைத் தூளின்னே நெனைக்கலம்மா. கேம்பிங் சாமான்னுல்ல நெனச்சேன்" என்றார் சார். அன்றோடு வாட்ஸப் குழுவைக் கலைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அக்கா என் வீட்டுக்கு ஓடி வந்தார். முகமெல்லாம் வெளிறிப் போயிருந்தது.

"ஏடி, உங்க சாரு குல்லாவக் கழட்டிப் போட்டுட்டு, ஃபேன அஞ்சுல வச்சுக்கிட்டு உக்காந்திருக்காருடி. மார்கழி மாசம்! எனக்குப் பயமா இருக்கு."

எனக்கும் பயம்தான். அந்த மனுஷன் வெறும் தலையோடு இருப்பதை அக்காவே கார்த்திகைக்குப் பிறகு பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் எதிர்வீட்டில் தையல் மெஷின் வெகு நேரம் ஓடியது.

"தைச்சுத் தாரேன். வந்து சமைக்கவும் செய்றேன். ஆனா அதுல ஏறுன்னு ஒரு வார்த்த சொன்னீங்க, அடுத்த பஸ்ஸப் புடிச்சு வந்துருவேன்" என்று அக்கா நிபந்தனை போட்டார். சார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனாலும் கிளம்புகிற அன்று இரண்டு தூளியையும் வேனில் ஏற்றினார். அந்த இரண்டாவது தூளியைப் பார்க்கப் பார்க்க எனக்குத்தான் பக்கென்றிருந்தது. அங்கே போய் இந்த மனுஷன் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டுமே என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு போனேன்.

தோப்பில் சார் முதல் தூளியைக் கட்டி ஏறிப் படுத்தார். துணி இரண்டு பக்கமும் மூடிக்கொண்டது. வந்த அலுப்பில் அப்படியே தூங்கியும் போனார். என் வீட்டுக்காரர் சுள்ளி பொறுக்கப் போக, நானும் அக்காவும் அடுப்பு மூட்டினோம். அப்போது களையெடுத்துவிட்டுத் திரும்பிய பெண்கள் நாலைந்து பேர் அந்த வழியாக வந்து, தூளியைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்கள்.

"யாத்தே, எம்புட்டுப் பெரிய தூளி!"

"உள்ள வச்சிருக்க கல்லப் பாருடி. ஆட்டுக்கல்லு கணக்கா இருக்கு."

கூட்டத்தில் மூத்தவர் சுருக்குப்பையிலிருந்து குங்குமம் எடுத்துத் துணியில் வைத்துக் கும்பிட்டார். பிறகு நேராக லலிதாக்காவிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "இம்புட்டுப் பெருசாக் கட்டியிருக்கியே தாயி, எத்தன வருசமாக் கேக்குற?"

அக்காவுக்குக் கண் நிறைந்துகொண்டு வந்தது. பாவி, இதற்கா இத்தனை தூரம் கூட்டி வந்தோம் என்று சாரை நான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தபோது தூளி அசைந்தது. உள்ளேயிருந்து குரங்குக் குல்லா போட்ட தலை ஒன்று எழுந்தது.

"லலிதா, காப்பி ரெடியா?"

"யாத்தே! கல்லு எந்திரிக்குதுடி!" களைக்கொத்துகள் ஒரு பக்கம் விழ, ஆட்கள் ஒரு பக்கம் ஓடினார்கள்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைக்கிறார், சிரிக்கிறார், மறுபடி துடைக்கிறார். "பயப்படாதீங்க ஆத்தா, வாங்க. கேட்டேன், சாமி குடுத்துருச்சு. இதான் எம்புள்ள. நாப்பத்தெட்டு வயசாச்சு, இன்னும் தூளிய விட்டு எறங்க மாட்டேங்குது."

மூத்தவர் திரும்பி வந்து சாரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குல்லா மேலேயே ஒரு குங்குமப் பொட்டு வைத்து, "நல்லா இரு ராசா" என்று நெட்டி முறித்துவிட்டுப் போனார். சாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "யாரும்மா அவுக? குளிருக்கு ஒதுங்க வந்தாகளா?" என்றார்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அந்த இன்னொண்ணையும் கட்டுங்க" என்றார்.

சார் உடனே கட்டினார். முடிச்சை நாலு தரம் இழுத்துப் பார்த்தார். தானே தொங்கிப் பார்த்தார். அக்கா ஏறும்போது துணியை விரித்துப் பிடித்துக்கொண்டார். அக்கா கண்ணை மூடிப் படுத்ததும், ஓரமாக நின்று மெல்ல ஆட்ட ஆரம்பித்தார்.

பொழுது இறங்குகிற நேரத்தில் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு, "அக்கா" என்று கூப்பிட்டபடி போனேன். சார் ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டே மறு கை விரலை உதட்டில் வைத்தார்.

"சத்தம் போடாத தங்கச்சி. இப்பத்தான் தூங்குனா."