ஒத்த மாட்டு ஆலை யாருது?

அன்னிக்கு என் வேல இன்னான்னா, பாகூர்லருந்து ஒரு மரச்சாமான எடுத்துகிட்டு புதுச்சேரி போவணும். பத்திரம் எழுதற நொத்தேரு ஐயாகிட்ட காட்டணும். இது இன்னாருதுன்னு அவரு எழுதிக் குடுப்பாரு. அவ்ளோதான்.

அந்தச் சாமான் ஒரு கரும்பாலையோட சின்ன மாதிரி. ஒத்த மாட்டுலயே ஓடற புது ஆலை. நாலு பேரு கூட்டு சேந்து பெருசா ஒண்ணு செஞ்சு, ஓட்டியும் பாத்துட்டோம். சாறு என்னமா கொட்டுச்சு!

அது ஓடுன அன்னிக்கே சண்டையும் ஆரம்பிச்சிடுச்சு.

கூட்டாளி ரெட்டியாரு சொன்னாரு, "வரப்பு மண்ணுல குச்சியால கோடு போட்டுக் காட்டுனது யாரு? யோசன என்னுது."

ஆசாரி துள்ளுனாரு. "உன் கோட்ட பாத்து செஞ்சிருந்தா ஆட்டுப்பட்டிதான் வந்திருக்கும். சக்கரத்துல பல்லு வெட்டுனது என் மூள!"

கடைக்கார செட்டியாரு, "இரும்பும் பலகையும் நான் போட்டது. அப்ப ஆலையும் என்னுதுதான்"னாரு.

நான் மட்டும் சும்மா இருப்பனா? "ஓட்டிப் பாத்தது என் மாடு!"ன்னேன். மூணு பேரும் ஒரு பார்வ பாத்தாங்க. வெக்கமே இல்லாம நின்னேன்.

ஆலை ஓடறத பாக்க வந்த வில்லியனூர் பண்ணையாருக்கு அது புடிச்சுப்போச்சு. "எங்க ஊரு பூரா இதத்தான் போடப்போறேன். ஆனா யாருதுன்னு இன்னிக்கே முடிச்சிக்குங்க. இல்லன்னா மெட்ராஸ்ல இரும்பு ஆலை வாங்கிடுவேன்"னு சொல்லிட்டு, தன்னோட வில்லு வண்டியில பின்னாடியே வந்தாரு.

ஒருத்தர ஒருத்தர் நம்பாததால, என் வண்டியில நாலு பேரும் ஏறிட்டோம். செட்டியாருக்கு பயம். "வழியில எவனாவது பாத்து அப்படியே செஞ்சிடுவான். மூடுப்பா!"

எம் பொண்டாட்டி சேலைய சுத்தி மடியில வச்சிகிட்டேன்.

பிரெஞ்சுக்காரன் ஆளுற பாகூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல ஒரு துண்டு இங்கிலீஷ்காரன் பூமி கெடக்குது. எல்லையில சுங்கச் சாவடி. சேவகன் வண்டிய நிறுத்துனான்.

"மடியில இன்னாப்பா?"

"கொழந்த"ன்னுட்டேன். ஏன் சொன்னேன்னு சத்தியமா தெரியாதுங்க!

"தாய் எங்க?"

"வூட்டுல."

சேவகன் ரெட்டியாரு மீசைய பாத்தான், செட்டியாரு தொப்பைய பாத்தான், சேலைய ஒரே இழுப்பு இழுத்தான். பல்லுச் சக்கரம் வெளிய வந்துடுச்சு.

சுங்க அதிகாரி ஓடி வந்தாரு. "எந்திரத்த மறச்சு கடத்துறீங்களா? யாருதுடா இது?"

"என்னுது!"ன்னோம் நாலு பேரும். பழக்க தோஷம்.

"நல்லதாப் போச்சு. யாருதோ அவன் மட்டும் கடலூர் ஜெயிலுக்கு வா. மத்தவங்க வூட்டுக்குப் போலாம்."



மொதல்ல ரெட்டியாரு இருமுனாரு. "நான் சும்மா மண்ணுல கிறுக்குனவன்ங்க."

"நான் கடக்காரன். யாரு கேட்டாலும் இரும்பு விப்பேன்"னாரு செட்டியாரு.

"நான் கூலிக்கு மரம் எழச்சவன் சாமி!" இது ஆசாரி. மூள எங்க போச்சோ!

அப்புறம் மூணு வெரலும் என் பக்கம் திரும்புச்சு. "ஆலை இவருதுங்க! சாமி சத்தியம்!"

"அடப்பாவிங்களா! நான் மாடு மட்டும்தான்யா குடுத்தேன்!"

மடி என்னுது, சேல எம் பொண்டாட்டிது. எவன் நம்புவான்? சேவகன் கையப் புடிச்சதும் ஓன்னு அழுதுட்டேன்.

பின்னாடி வந்த பண்ணையாரு எறங்கி, இது வெறும் மாதிரிதான்னு அதிகாரிகிட்ட சொன்னாரு. அதிகாரி சக்கரத்த ரெண்டு சுத்து சுத்திப் பாத்து சிரிச்சாரு. "வெளையாட்டுச் சாமானுக்கு இவ்ளோ கூத்தா? போங்கய்யா!"

புதுச்சேரியில நொத்தேரு ஐயா, "யாருது?"ன்னு கேட்டதும் மூணு பேரும் திரும்பவும் "என்னுது!"

பண்ணையாரு விடல. "சாவடியில சத்தியம் பண்ணது என் காதுல வுழுந்துச்சே! இவரு பேரயே எழுதுங்க ஐயா."

எழுதிட்டாங்க! எனக்கு கால் தரையில நிக்கல. செட்டியாரு மொகம் செத்துப்போச்சு. பாக்கறதுக்கு அம்புட்டு சந்தோஷம்.

"கரும்பு வெட்டு ஆரம்பிக்கறதுக்குள்ள ஆலைங்கள எறக்கிடு"ன்னாரு பண்ணையாரு.

"அதுக்கென்ன! ஆசாரி, எப்ப ஆரம்பிக்கலாம்?"

ஆசாரி துண்ட ஒதறி தோள்ல போட்டாரு. "ஆலை உன்னுது, யோசனயும் உன்னுது. நீயே எழச்சுக்கோப்பா."

அவரு போயிட்டாரு. எப்படித்தான் செஞ்சிருக்காருன்னு பாக்க, நான் மாதிரிய பிரிச்சுப் போட்டு ஒக்காந்திருக்கேன்.

ஆலை முழுசா என்னுதுதாங்க, பிரிச்சத திரும்ப மாட்டத்தான் தெரியல.