மங்களத் தரம்

படித்த படிப்பை நாலு பேர் முன்னால் காட்டவேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கு அது சரியாக நல்ல நேரத்தில் வந்து தொலைத்தது.

வரதய்யபாளையம் பக்கத்தில் மூங்கில் பலகைத் தொழிற்சாலை. மூங்கிலைக் கீற்றாகப் பிளந்து, பசை போட்டு, அழுத்திச் செய்யும் பலகை. தரம் பிரிப்பவன் நான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. திருப்பதியில் கல்யாண மண்டபம் கட்டும் ஒருவர் மணமேடைக்குப் பலகை பார்க்க வருகிறார், ஆர்டர் கிடைத்தால் உன் வேலை உறுதி என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அன்றைக்குத்தான் புது சோதனை மெஷினுக்குப் பூஜை. மண்டபக்காரர் மனைவியோடு கும்பிட்டுக்கொண்டு நின்றார். கற்பூரம் காட்டியதும், இருப்பதிலேயே உசத்தியான பலகையை மெஷினில் வைத்தேன். பாரத்தை ஏற்றிக்கொண்டே போகவேண்டும். எவ்வளவு தாங்கிய பிறகு உடைகிறது என்பதுதான் அதன் பலம். தாங்கியது, தாங்கியது, அதுவரை எந்தப் பலகையும் தொடாத அளவைத் தொட்டது. பிறகு பட்டாசு மாதிரி வெடித்து இரண்டானது.

நான் கை தட்டினேன். (நான் மட்டும்தான்.)

"அய்யய்யோ, இன்னாய்யா இது! கற்பூரம்கூட அணையல, அதுக்குள்ள ஒடச்சிட்டியே!" என்றார் மண்டபக்காரர். அவர் மனைவி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஒடஞ்சாத்தான் சார் பலம் தெரியும். இது முதல் தரம்!"

"பொண்ணு மாப்ள குந்திகினு இருக்கசொல்ல இப்டி ஒடஞ்சா, அதுவும் முதல் தரமா?"

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. ஓரத்தில் கிடந்த மூன்றாம் தரப் பலகையை அவரே இழுத்து மெஷினில் வைத்தார். லேசாகப் பாரம் ஏறியதுமே அது தூளி மாதிரி தொங்கியது. ஆனால் உடையவில்லை.

"பாத்தியா, எவ்ளோ பணிவா வளையுது!" மண்டபக்காரர் குளிர்ந்துபோனார். "சாலா பாகுந்தி! இதையே குடுங்க."

"சார், அது மூணாம்..." என்று ஆரம்பித்தேன். முதலாளி என் காலை மிதித்தார்.

"இதுக்குப் பேரு மங்களத் தரம் சார்," என்றார்.

சாயங்காலமே அந்தப் பெயரில் முத்திரை குத்தி லாரியில் ஏற்றினோம். குத்தியவன் நான்தான். வேலை நிரந்தரமானது. வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தாலும் எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. நைனா என்னைக் கேட்காமலே அதே மண்டபத்தைப் பேசி முடித்துவிட்டார். நாங்கள் உட்கார்ந்ததும் மணமேடை பணிவாக வளைந்தது. நான் அவள் பக்கம் சரிய, அவள் என் பக்கம் சரிய, ஐயர் எங்கள் இருவர் மேலும் சரிந்தார். ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட நாங்கள் நேராக இல்லை.

"அப்பவே இன்னா ஆசை பாரு!" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"ஆசையும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்பாள் என் மனைவி. "இவரு குத்துன முத்திர."