செவ்வாய்க்குப் போன ராக்கெட்டை நான் தைத்த கதை

புத்தகம் தைக்கப் படிப்பு எதற்கு, கோணி ஊசி இருந்தால் போதாதா என்று நினைத்தவள் நான். அந்த நினைப்போடு உட்கார்ந்து, ஐந்து பேர் ஏறிப்போன ஒரு ராக்கெட்டை ஒரே மத்தியானத்தில் நாசம் செய்தேன்.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இரண்டாம் வகுப்போடு சரி. பள்ளிப்பட்டில் என்னைப் பெண் பார்க்க வந்தபோது எங்கள் நைனா, "பொண்ணு எட்டாவது பாஸ்" என்று சொல்லிவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். (வெட்கம் என்று அவர்கள் நினைத்தார்கள். பயம்.) எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும், ஒரு வரி முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். ஆனால் நம்பர் மட்டும் நூறு வரைக்கும் பிசகாது.

கல்யாணமாகித் திருவள்ளூருக்கு வந்தேன். அவர் ரைஸ் மில்லில் ஃபிட்டர். படித்த பெண்டாட்டி என்று மில் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். அதைவிட அவருக்குப் பெருமை ஒரு தொடர்கதை. ராக்கெட்டில் ஐந்து பேர் செவ்வாய் கிரகத்துக்குப் போகும் கதை. முன்னொரு காலத்தில் வாரப் பத்திரிகையில் வந்தது. வாராவாரம் வெட்டியெடுத்த தாள்களைத் தகரப் பெட்டியில் பூட்டிவைத்திருந்தார். அவரோடு இன்னும் இரண்டு பைத்தியங்கள்: சைக்கிள் கடை ஏகாம்பரம், கணக்கு வாத்தியார். செவ்வாயில் தண்ணீர் உண்டா இல்லையா என்று சண்டை போட்டு ஒரு மாசம் பேசாமல்கூட இருந்திருக்கிறார்கள். (எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் இல்லை. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கூடி, அந்தக் கதையை முதலிலிருந்து மறுபடி படிப்பது என்று முடிவானது. வெள்ளிக்கிழமை காலை அவர் அந்தத் தாள்கட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"வரிசையா அடுக்கி வெச்சிக்கீறேன். தெச்சு அட்டை போட்டுடு. வேற ஆளாண்ட குடுக்கலாம்னாரு வாத்தியாரு. எட்டாவது படிச்சவ ஊட்ல இருக்கசொல்ல வேற ஆளு இன்னாத்துக்குன்னு சொல்ட்டேன்."

அவர் போனதும் சணலை அவிழ்த்தேன். தாள்களின் மூலையில் நம்பரைப் பார்த்தேன். பதினேழு, பத்தொன்பது. அடுத்தது முப்பத்துமூன்று. அதற்கடுத்து ஒன்பது. எனக்குத் திக்கென்றது. இவர் கண்டபடி கலைத்துவைத்திருக்கிறார், இதை இப்படியே தைத்தால், எட்டாவது படித்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று மூன்று பேரும் கேட்பார்கள். நைனாவின் பொய் அன்றைக்கே சந்தி சிரிக்கும்.

உட்கார்ந்து ஐந்திலிருந்து ஐம்பத்தேழு வரைக்கும் ஒழுங்காக அடுக்கினேன். ஒவ்வொரு நம்பரிலும் நாலைந்து தாள் இருந்தது. அச்சாபீசுக்காரன் தாராள மனசுக்காரன் போல என்று எல்லாவற்றையும் சேர்த்தே வைத்தேன். வாரப் பத்திரிகை வாரத்துக்கு வாரம் ஒன்றிலிருந்து நம்பர் போடும் என்பதும், கதை ஒரு வாரம் ஒன்பதாம் பக்கத்திலும் மறுவாரம் முப்பத்துமூன்றிலும் வரும் என்பதும் படிக்கிறவர்களுக்குத் தெரியும். நான் இறுக்கித் தைத்து, மைதா பசை காய்ச்சி, பழைய காலண்டர் அட்டையை ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் பாயில் உட்கார்ந்தார்கள். "நல்லா தெச்சிக்கீதே தங்கச்சி" என்றார் ஏகாம்பரம். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். நான் போண்டாவைத் திருப்பிக்கொண்டே காது கொடுத்தேன்.

முதல் தாளிலேயே ராக்கெட் செவ்வாயில் இறங்கிவிட்டது. அடுத்த தாளில் கேப்டனைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். அதற்கடுத்த தாளில் கேப்டன் மாம்பலத்தில் மாலையும் கழுத்துமாக நின்றார்.

"இன்னா சார், இப்பதான பொதைச்சாங்க?" என்றார் ஏகாம்பரம்.

"இருய்யா. செவ்வாயில காலம் முன்னயும் பின்னயும் போவும். எழுதினவர் மேதை. அன்னைக்கு நமக்குப் புரியல" என்றார் வாத்தியார்.

எனக்கு உயிர் வந்தது. அந்த மேதை நன்றாக இருக்கட்டும் என்று பெரியபாளையத்தம்மனை வேண்டிக்கொண்டேன். இன்னும் நாலு தாள் ஓடியது. கேப்டனுக்கு இரண்டாம் முறை கால் முறிந்தபோது, இவர் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார். முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு சமையல்கட்டைப் பார்த்தார்.

"இங்க வா. இந்த ரெண்டு வரியப் படி."

கரண்டியோடு வந்து நின்றேன். எண்ணெய் என் காலில் சொட்டியது. சுட்டதா என்று இன்றைக்கும் தெரியாது. "ரா... ரா... க்..." என்றேன். ராக்கெட்டின் பாதிக்கு வருவதற்குள் என் பெட்டியும் நானும் பள்ளிப்பட்டு பஸ்ஸில் ஏறிவிட்டதாகவே எனக்குத் தோன்றியது.

"எட்டாவதா?" என்றார் இவர்.

அழுதிருக்க வேண்டும். எனக்கு ரோஷம்தான் வந்தது. "ரெண்டாவதுதான். நைனா சொன்ன பொய்யி, நானும் கம்முனு இருந்துட்டேன். ஆனா நம்பர்ல ஒரு தப்பு இருந்தா காட்டுங்க, இப்பவே ஊருக்குப் போறேன்."

கணக்கு வாத்தியார் அல்லவா, அவர் உண்மையாகவே சரிபார்க்க ஆரம்பித்துவிட்டார். விரலால் எண்ணி எண்ணிக் கடைசித் தாள் வரைக்கும் போனார்.

"ஒண்ணுகூடத் தப்பில்லப்பா" என்றார்.

ஏகாம்பரம் பாயில் புரண்டு சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. அவர்கள் போன பிறகு கத்தரியை எடுத்தார். நான் இரண்டடி பின்னால் போனேன். என் தையலைத்தான் வெட்டினார்.

"நீயே சரியா அடுக்கு. நம்பரப் பாக்காத, கதையப் படிச்சு அடுக்கு. தெரியாத எழுத்தைக் கேளு."

பதினோரு மாசம் ஆனது. நான் எழுதப் படிக்கத் தெரிந்துகொண்டது அந்தச் செவ்வாய் கிரகத்தில்தான். அப்புறம் தண்ணீர் சண்டையில் நான்காவது ஆளாக நானும் சேர்ந்தேன். (உண்டு என்பது என் கட்சி.)

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது மெனக்கெட்டு ஒன்றைச் செய்து அது மொத்தமும் தலைகீழாக முடிந்தால், கேள்வி தயாராக இருக்கும். போன மாசம் என் பெரியவன் வியர்க்க வியர்க்கப் பீரோவுக்குக் கதவு மாட்டினான். கைப்பிடி உள்பக்கம் போய்விட்டது. பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில், "நம்பர் பாத்துதான மாட்டின?" என்று கேட்டு உருண்டார்கள்.

நான் மட்டும் சிரிப்பதில்லை. நம்பர் சரியாகத்தான் இருந்தது.