ஏலிக்குட்டியின் மணிக்கட்டில் அவறாச்சனின் தூக்கம்

தும்பிக்கை மாட்டிக்கொண்டு படுப்பதில்லை என்று கேரளத்துப் பாலாயில் ரப்பர் வியாபாரம் செய்யும் அவறாச்சன் முடிவெடுத்துவிட்டார். மூக்கில் முகமூடி, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் காற்றூதும் இயந்திரம். குறட்டைக்கு இதுதான் வைத்தியம் என்றால் குறட்டையே தேவலாம். விஷயம் வெளியே தெரிந்தால் ஊர் வட்டப்பெயர் வைக்கும். பாலாயில் வைத்த வட்டப்பெயர் பேரன் கல்யாணம் வரை கூடவே வரும். ஆனை அவறாச்சன். வேண்டவே வேண்டாம்.

"முதல்ல எனக்குக் குறட்டையே கிடையாது," என்றார் மனைவி ஏலிக்குட்டியிடம்.

"குறட்டைக்கு யார் பயந்தா? முப்பது வருஷமா கேட்டுட்டுத்தான் படுக்கிறேன். அது நிக்கும்போதுதான் எனக்குப் பயம். மூச்சும் கூடவே நின்னுடுது அச்சாயா. உடனே அருள்நிறைந்த மரியே சொல்ல ஆரம்பிப்பேன். முன்னெல்லாம் ஒண்ணு முடிக்கிறதுக்குள்ள மூச்சு திரும்பிடும். இப்ப ரெண்டு சொல்ல வேண்டியிருக்கு."

"ஜெபம் பண்றது நல்லதுதானே."

"டாக்டர் குடுத்த கடிகாரத்தைக் கட்டிட்டுப் படுங்க. இல்லேன்னா நாளையிலேர்ந்து கப்பைக் கிழங்கும் கிடையாது, மீனும் கிடையாது."

மணிக்கட்டில் கட்டி, விரலில் ஒரு கிளிப்பை மாட்டினால் போதும். தூங்குகிறவரின் மூச்சை அது பதிவு செய்துகொள்ளும். யாருடைய மணிக்கட்டு என்று மட்டும் அதற்குத் தெரியாது. இதைக் கண்டுபிடித்தபோது அவறாச்சனுக்குத் தன் மூளை மேல் இருந்த மரியாதை இன்னும் கூடியது. ஏலிக்குட்டி கண்ணயர்ந்ததும் கடிகாரத்தை அவள் கையில் கட்டினார். விடிந்ததும் பூனை மாதிரி அவிழ்த்துத் தன் கையில் கட்டிக்கொண்டார். பூப்போல மூச்சு விடுகிறவள். ரிப்போர்ட்டும் பூப்போல வரும்.

வந்தது.

"மணிக்கு நாற்பத்திரண்டு தடவை மூச்சு நிக்குது சேட்டா," என்றார் டாக்டர் ஷெறின். "ஒருக்களிச்சுப் படுக்கிறது, பல்லுக்குத் தட்டு மாட்டறதெல்லாம் லேசா இருந்தா சரி. ஆபரேஷன் எல்லாருக்கும் பலிக்காது. எடையைக் குறைங்க. ஆனா இப்போதைக்கு மாஸ்க்தான்."

அவறாச்சனுக்கு வியர்த்தது. ஏலிக்குட்டிக்கா? நாற்பத்திரண்டா? தன் மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தவளின் மூச்சை எண்ண ஆளில்லாமல் போயிற்றே.

"அப்படியே விட்டா என்ன ஆகும் டாக்டர்?"

"ரத்தக்கொதிப்பு ஏறும். இதயத்துக்குக் கெடுதல். பக்கவாதம்கூட வரலாம்."

விலைகூடக் கேட்காமல் இயந்திரத்தை வாங்கி வந்தார்.

"நீ இதை மாட்டிக்கணும் ஏலிக்குட்டி."

"ரிப்போர்ட் யார் பேர்ல?"

"என் பேர்லதான். ஆனா..." அவர் இயந்திரத்தைக் கீழே வைத்தார். "அன்னிக்கு ராத்திரி கடிகாரத்தை உன் கையில கட்டிட்டேன். தப்புதான். ஆனா நான் அப்படிப் பண்ணினதாலதானே உன் வியாதி தெரிஞ்சது."

தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஏலிக்குட்டி தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள், பாவம்.

"எனக்குப் பயமா இருக்கு அச்சாயா. மூச்சு முட்டினா?"

"முட்டாதுடி."

"மாட்டிப் பாக்காத மனுஷனுக்கு எப்படித் தெரியும்?"

"அவ்வளவுதானே? இன்னிக்கு ராத்திரி நான் மாட்டிக் காட்டறேன். நாளைக்கு நீ."

மறுநாள் அவறாச்சன் கண்விழித்தபோது மணி எட்டு. தலைவலி இல்லை. வழக்கம்போல இரவில் நாலு தடவை எழுந்திருக்கவும் இல்லை. பத்து வயது குறைந்தவராக முகமூடியும் கையுமாகச் சமையலறைக்கு வந்தார்.

"பாத்தியா? பஞ்சு மாதிரி இருக்கு. இது இல்லாம மனுஷன் தூங்கவே கூடாது. இன்னிக்கு உன் முறை."

ஏலிக்குட்டி புட்டைத் தட்டில் தள்ளினாள்.

"எனக்கெதுக்கு? அன்னிக்கு நீங்க முதல் குறட்டை விட்டதுமே கடிகாரத்தை உங்க கைக்கு மாத்திட்டேன், விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் திரும்ப நான் கட்டிக்கிட்டேன்."