கோடிட்ட இடத்தை நிரப்புவது குறித்து

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமாக இருப்பது போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் என்னைத் திட்டிய வேகத்திலேயே தெரிந்தது. அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் குறைந்ததாகச் சொல்லச் சொல்.

விஷயம் இதுதான். ரோந்துப் பிரிவில் எனக்கு ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். ‘பணிபுரிய விரும்பும் சாலை’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு. நீ வகுப்பில் பிள்ளைகளுக்குக் கொடுப்பாயே, கோடிட்ட இடத்தை நிரப்புக. அதேதான். நகரம் அல்லது கிராமம். எழுதினால் மூன்று வருடம் அங்கேதான். கையெழுத்துப் போட்டுவிட்டேன். கோடு மட்டும் காலி. முடிவெடுக்க வசதியாக இரண்டு இடத்திலும் ஒவ்வொரு வாரம் வேலை பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். வசதியாக இல்லை.

முதல் வாரம் கிராமத்துச் சாலை. நேர்கோடு. இரண்டு பக்கமும் வெட்டவெளி. மணிக்கு நான்கு வண்டி வந்தால் கூட்டம். எங்கள் ரோந்து வண்டியை ஓட்டுபவருக்கு ரேடியோ என்று பெயர். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் நிற்கமாட்டார். “டவுன்ல நம்மளப் பார்த்தா ஓடுவான் தம்பி. இங்க நம்மளப் பார்த்தா நிறுத்துவான். நிறுத்தி, ஆட்டுக்கு வயித்தால போகுது, என்ன மருந்துன்னு கேப்பான்” என்றார். மிகை என்று நினைத்தேன். பதினோரு மணிக்கு ஒருவர் நிறுத்தினார். கேட்டார். ரேடியோ மருந்தும் சொன்னார்.

மூன்றாம் நாள் ஒரு லாரிக்காரரை நிறுத்தினேன். தப்பு எதுவும் இல்லை. மூன்று நாளாக அதே லாரி, அதே நேரம். எங்கே போகிறார் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. பதிவேட்டில் ‘நிறுத்திய காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. பொய் எழுத மனம் வராமல் ‘பேச’ என்று எழுதினேன். மேலதிகாரி அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு எனக்கே திருப்பி அனுப்பினார். மறுநாள் லாரியை நிறுத்தவில்லை. அவரே நிறுத்தி இறங்கி வந்தார். “என்ன சார், கோவமா?” என்றார். அவரைச் சமாதானப்படுத்துவதற்குள், எங்கள் வண்டியின் நிழலில் ஏழு ஆடுகள் படுத்துவிட்டன. சரியாக அப்போதுதான் அந்த வாரத்தின் ஒரே அதிவேகக் கார் எங்களைக் கடந்து போனது. வண்டியை எடுக்க முடியவில்லை. ஒரு ஆடு எழுந்தால் இன்னொன்று படுக்கிறது. அந்தக் காரில் இருந்தவர் கையசைத்தார், அக்கா. நானும் அசைத்தேன்.

அடுத்த வாரம் நகரம். ஆறு வழிச் சாலை, புகை, ஹாரன், காதில் ஓயாத வயர்லெஸ். ரேடியோ கூட வாய் திறக்கவில்லை. ஒரு நாளைக்கு எழுபது வண்டி நிறுத்தினேன், எழுபது காரணம் கேட்டேன், ஒரு முகமும் நினைவில் இல்லை. பார்சல் கொண்டுபோகும் ஒருவர் சாயங்காலம் கைகூப்பாத குறையாகச் சொன்னார்: “சார், காலையில பிடிச்சதும் நீங்கதான், மத்தியானம் பிடிச்சதும் நீங்கதான். வீட்டுல கூட என்னை இத்தனை தடவை யாரும் தேடினதில்ல.” நான் அவரை முதல்முறை பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்னவோ ஆகிக்கொண்டிருந்தது. என்ன என்று பார்க்க ஆர்வமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டேன். நான் நிற்க வேண்டிய சந்திப்பைக் கடைசி நேரத்தில் மாற்றினார்கள். சிக்னல் போடாமல் திரும்பிய ஒரு ஸ்கூட்டரை ஓரங்கட்டினேன். தலைக்கவசம், முகத்தில் துணி.

“லைசென்ஸ் எடுங்க மேடம். ஏன் இவ்வளவு அவசரம்?”

“வேலைக்கு நேரமாச்சு சார்.”

“பார்த்துப் போகக் கூடாதா? வீட்டுல உங்களுக்காகக் காத்துட்டு இருக்க மாட்டாங்களா?”

“அப்படி யாரும் காத்துட்டு இருக்கிற மாதிரி தெரியல சார்.”

பெயரைக்கூடக் கவனிக்காமல் எச்சரிக்கைச் சீட்டு எழுதத் தொடங்கினேன். லைசென்ஸில் இருந்த முகவரி எங்கேயோ பார்த்த முகவரியாக இருந்தது. கதவு எண்வரை எழுதிவிட்டுத்தான் நிமிர்ந்தேன். என் மனைவி. அவள் வண்டி பஞ்சராம். அவள் வேலை பார்க்கும் பரிசோதனைக்கூடத்துத் தோழியின் ஸ்கூட்டராம். சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.  அதைச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் படிக்கிறேன்.

கட்டிய மனைவியைத் தெரியாத ஒருவன் அந்தச் சாலையில் இன்னும் மூன்று வருடம் நின்றால் என்ன ஆவான்? அதனால் கிராமம் என்றே எழுதலாமென்று இருக்கிறேன். ஆனால் அவள் வேலை இங்கே. வாரம் ஒருமுறைதான் பார்க்க முடியும். கேட்க எனக்கு முகமில்லை. நீ பேசினால் கேட்பாள். எனக்குக் கோபமில்லை, பயம்தான் என்று பக்குவமாகச் சொல்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அத்தானுக்கு வணக்கம். உனக்கு எப்போதும் போல.

உன் தம்பி

பி.கு.: அண்ணி, இதை எழுதுவது நான், உங்கள் தம்பி மனைவி. தபாலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தார். உறையை ஒட்டவில்லை, அதனால் படித்தேன். லாரிக்காரர், ஆட்டுக்காரர், நீங்கள் என்று என்னைத் தவிர எல்லாரிடமும் பேசியிருக்கிறார். சரி. ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அன்றைக்கு எனக்கும் அவரைத் தெரியவில்லை. கறுப்புக் கண்ணாடி, மூக்குவரை துணி, வேறு சந்திப்பு. குரல்கூட வேறு, அவ்வளவு பதவிசு. வீட்டில் காத்திருப்பார்கள் என்று அக்கறையாகச் சொல்கிறாரே, இவர் மனைவி கொடுத்துவைத்தவள் என்று நினைத்தேன். லைசென்ஸைப் பார்த்து அவர் முழித்தபோதுதான் தெரிந்தது. அந்தச் சீட்டைக் கோபத்தில் ஒட்டவில்லை, அண்ணி. படிவத்தில் நகரம் என்று எழுதி இன்று காலை நானே அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். அவர் நிற்கும் சந்திப்பில் இன்னொரு தடவை சிக்னல் போடாமல் திரும்பிப் பார்க்க வேண்டும்.